பல்லி மூடி

என் தம்பி அமலனின் இரத்தம் ஒரு சொட்டு எங்கள் ஆய்வகத்துக் குளிர்சாதனப் பெட்டியில், இரண்டாவது தட்டில், ஒரு தயிர் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. தயிர் டப்பா வடிவக்காவுடையது. சாப்பாட்டுச் சாமான் எதுவும் இதற்குள் வைக்கக் கூடாது என்று பெட்டியின் கதவிலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டியவள் நான்தான். வடிவக்கா அதைத் தினமும் துணியால் துடைப்பாள், பிறகு கதவைத் திறந்து தயிரை வைப்பாள்.

சண்முகவடிவு என்று முழுப்பெயர். ஒப்பந்த ஊழியர், பெருக்குவது, குப்பிகள் கழுவுவது, டீ கொண்டுவருவது எல்லாம் அவள் வேலை. நான் விஜிலா, இந்தக் கல்லூரியில் பேராசிரியர் தங்கதுரை சாரிடம் ஆய்வு மாணவி. ஆய்வகத்தில் முழுநேரமும் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

நாங்கள் செய்வது தபால்தலை அளவு ஒரு கண்ணாடித் துண்டு. அதில் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால்கள் வெட்டியிருக்கும். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு இரத்தச் சோகை இருக்கிறதா என்று அவர்கள் நிற்கிற இடத்திலேயே பார்த்துச் சொல்வதற்காக. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வாய்க்காலில் ஓடவிட வேண்டும். அது ஒழுகாமல் ஓட மேலே ஒரு மூடி வேண்டும், அங்கேதான் தலைவலி. பசை போட்டு ஒட்டினால் பசை உள்ளே இறங்கி வாய்க்காலை அடைத்துவிடும். பசையில்லாமல் நிரந்தரமாக ஒட்ட வழி இருக்கிறது, ஆனால் பிறகு திறக்க முடியாது. ஒரு ஆளுக்குப் பார்த்ததும் குப்பையில் போட வேண்டியதுதான்.

பல்லி பசை தடவிக்கொண்டா கூரையில் ஓடுகிறது? அதன் பாதத்தில் கண்ணுக்குத் தெரியாத முடிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவை சுவரை அவ்வளவு நெருங்கித் தொடுவதால் ஒட்டிக்கொள்கிறது. வேண்டாமென்றால் காலை உரித்து எடுத்துக்கொண்டு போகிறது. அதே மாதிரி நுண்முடிகளை ரப்பரில் வார்த்து மூடி செய்தோம். வைத்து லேசாகத் தடவினால் ஒட்டும், ஒரு சொட்டுக் கசியாது. ஓரத்தைத் தூக்கினால் உரிந்து வரும். கழுவி மறுபடி ஒட்டலாம். பிரித்த இடத்தில் எதுவும் மிச்சம் இருக்காது. இதைத் திட்ட அறிக்கையில் ரொம்பப் பெருமையாக எழுதியிருந்தேன்.

அமலன் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்தான். காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கும் ஆபீசுக்கும் பைக்கில் அலைவான். சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்துவிடுவான். ஆகஸ்ட் ஆரம்பத்தில், பனிமய மாதா திருவிழா நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் சீக்கிரமே வந்து, "கெளம்புக்கா, கூட்டம் வாரதுக்கு முன்ன போயிட்டு வந்துருவோம்" என்று நச்சரித்தான். எனக்கு ஒரு சொட்டு இரத்தம் தேவைப்பட்டது. மூடி இரத்தத்தோடு எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும். விதிப்படி ஆயிரம் கையெழுத்து வாங்க வேண்டிய காரியம். நான் அவன் விரலைப் பிடித்துக் குத்திவிட்டேன்.

"ஐயோ, கொல்லுதாளே" என்று வடிவக்காவைப் பார்த்து நடித்தான். சொட்டு வாய்க்காலில் ஓடியதும் அவனே மூடியை எடுத்து வைத்து, ஓரத்தில் கட்டைவிரலால் ஓங்கி அமுக்கினான்.

"லேசாத் தொடணும்லே! முடியெல்லாம் மடங்கிப் போவும்" என்று அவன் மண்டையில் ஒரு போடு போட்டேன்.

"அமுக்குனாத்தான ஒட்டும்? இது பேரு என்ன சொன்ன?"

நீளமான ஆங்கிலப் பெயரைச் சொன்னேன்.

"பல்லி மூடின்னு சொல்லிட்டுப் போவியா" என்றான். பிறகு நான் அதைப் பெட்டியில் வைக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, "ஏ அக்கா, தயிர் டப்பா பக்கத்துலயா என்னை வைக்க?" என்றான். வடிவக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் 'அமலன்' என்று எழுதி ஒட்டிக் கதவை மூடினேன்.

அதற்குப் பிறகு ஒன்பதாம் நாள் துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரி அவன்மேல் ஏறியது.

நான் அழவில்லை. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போட்டேன். அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். கோவிலில் பூசைக்குச் சொன்னேன், கல்லறைத் தோட்டத்தில் யார் யார் எங்கே நிற்பது என்றுகூட நான்தான் சொன்னேன். இசபெல்லா சித்தி, "இவளுக்கு என்ன நெஞ்சு கல்லா?" என்று என் காதுபடவே கேட்டாள். நியாயமான கேள்விதான். தொட்டுப் பார்த்தேன், எனக்கே தெரியவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காமல் அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

எட்டாம் நாள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டேன். காலையில் வந்ததும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, தயிர் டப்பாவை நகர்த்தி, அவனைப் பார்த்துவிட்டு மூடுவேன். கேஸ் அடைத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரிதான், வேறு ஒன்றுமில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்வேன். சாயங்காலம் எழுந்து போவேன். சார் கேட்டபோதெல்லாம், "புது மூடி பத்து வார்த்தாச்சு சார்" என்று சொன்னேன். ஒன்றுகூட வார்க்கவில்லை.

அக்டோபர் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் திட்டத்தைப் பார்வையிட சென்னையிலிருந்து அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. அதற்கு முந்தைய வாரம் ஆயுத பூசை, காந்தி ஜயந்தி என்று தொடர்ந்து விடுமுறை. திங்கட்கிழமை காலையில் வார்த்தால் சாயங்காலத்துக்குள் நாலு மூடி எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். திங்கட்கிழமை வந்து அலமாரியைத் திறந்தால் அச்சுப் பெட்டி காலியாக இருந்தது.

அச்சு என்பது உள்ளங்கை அகலத்தில் கண்ணாடி போல மின்னுகிற ஒரு சிலிக்கான் தகடு. அதில் லட்சக்கணக்கான நுண்குழிகள். ரப்பரை ஊற்றி, சூட்டில் வைத்து உரித்தால், குழிக்கு ஒரு முடி. பெங்களூரில் செய்துதர வேண்டும். சொன்ன நாளிலிருந்து ஆறு வாரம்.

"வடிவக்கா, அச்சை எடுத்தீங்களா?"

"அங்கன சாமி முன்னால இருக்கு மேடம்" என்றாள் உற்சாகமாக. மூலையில் சரஸ்வதி படம். அதற்கு முன்னால் தாம்பாளத்தில் ஸ்க்ரூடிரைவர், கத்தரிக்கோல், பழைய பைப்பெட், வாடிய பூ, நமுத்துப்போன பொரி. எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு வெற்றிலையின் மேல், அச்சு. நடுவில் எட்டணா அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"நீங்க லீவுல போயிட்டீங்க. நான்தான் எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். இது லேசா மங்கலா இருந்துச்சுன்னு வெளக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டு நல்லாத் தேச்சேன். எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க."

"எதை வச்சுத் தேச்சீங்க?"

"தேங்கா நாருதான்."

அவள்மேல் தப்பில்லை. ஒரு வருஷத்துக்கு முன், அதை எடுத்துத் துடைக்கப் போனவளிடம், "இதைத் தொடாதீங்க, இதுதான் இந்த லேபுக்கே தாய், இது இல்லைன்னா நாம ஒண்ணுமில்ல" என்று வசனம் பேசியவள் நான். தாய்க்குச் செய்கிற மரியாதையை அவள் செய்திருக்கிறாள். ஸ்க்ரூடிரைவருக்கு ஒரு தீற்று. தாய்க்குப் பெரிய பொட்டு.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். குழிகள் இருந்த இடத்தில் மஞ்சள் சேறு. மற்ற இடமெல்லாம் நார் இழுத்த கீறல். தண்ணீரில், ஸ்பிரிட்டில், அதிர்வுத் தொட்டியில் எல்லாம் போட்டு எடுத்தேன். சந்தனம் கொஞ்சம் போனது, கீறல் போகவில்லை. அதில் வார்த்துப் பார்த்த மூடி வைத்த நிமிடமே வழுக்கிக் கீழே விழுந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் முகத்தைப் பார்த்து வடிவக்காவுக்குத்தான் எல்லாம் புரிந்தது.

"கெடுத்துட்டனா?"

"ஆமா."

"வேற இருக்குல்லா?"

"இல்ல."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன வருஷம் ஒரு அளவுக்கருவியைக் கீழே போட்ட பையனை சார் அன்றைக்கே ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டு அனுப்பிவிட்டார். அவனுக்குப் பதிலாக வந்தவள்தான் இவள். புருஷன் இல்லை, மகள் இசக்கிச்செல்வி நர்சிங் இரண்டாம் வருஷம். "நானே சார்கிட்ட சொல்லிருதேன் மேடம். ஒங்களுக்கு எதுக்குக் கெட்டபேரு" என்று எழுந்தாள்.

"சொல்லாதீங்க. நாளைக்கு ஒரு நாள் தாண்டிட்டா, அச்சு தேஞ்சு போச்சுன்னு சொல்லிப் புதுசு வாங்கிக்கிடலாம்."

இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். விஷயம் வெளியே வந்தால் நான் வார்த்துவிட்டதாகச் சொன்ன பத்து மூடி எங்கே என்ற கேள்வியும் வரும். அதோடு, இவள் போய்விட்டால் பெட்டியில் தயிர் டப்பா இருக்காது. அவனுக்கு முன்னால் அந்த இடம் வெறுமனே கிடக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

பழைய மூடிகளை எல்லாம் தேடி எடுத்தோம். பதினெட்டு இருந்தது. எத்தனை தடவை உரித்தால் சாகும் என்று பார்ப்பதற்காக நானே உரித்து உரித்துச் சாகடித்தவை. ஒவ்வொன்றாக வைத்துச் சிவப்புச் சாயத் தண்ணீரை விட்டோம். எல்லாம் ஒழுகியது. மத்தியானம் மூன்று மணிக்கு மேசை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

முடிகள் சாகாத மூடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் எழுந்து பெட்டியைத் திறந்து தயிர் டப்பாவை நகர்த்தினேன்.

"அது தம்பியோடதுல்லா" என்றாள் வடிவக்கா.

"மூடிதான் வேணும். ரத்தம் வேண்டாம்."

"ஏ பிள்ள, வேண்டாம். நான் சொல்லிருதேன் சார்ட்ட. வேலதான போகும், போட்டும்."

இவ்வளவு நாள் மேடம் என்று கூப்பிட்டவள் பிள்ள என்றாள். அதுகூட எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கையுறை போட்டேன். இரத்தம் வாய்க்கால்களில் கருத்து, எழுதிக் காய்ந்த மை போல இருந்தது. ஓரத்தைச் சாமணத்தால் தூக்கினேன். சிட்டென்று ஒரு சின்னச் சத்தம். மூடி வந்துவிட்டது. கண்ணாடித் துண்டை பிளீச்சிங் கரைசலில் போட்டேன், விதிப்படி. கொஞ்ச நேரத்தில் வாய்க்கால்கள் வெளுத்துவிட்டன. மூடியைக் கழுவினேன். தண்ணீர் முதலில் மங்கலாகப் போனது, பிறகு தெளிந்து போனது, குழாயை அடைத்தேன். அறுபத்தைந்து நாள் வைத்திருந்ததைக் கழுவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வடிவக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் மூடியை உலர்த்திக்கொண்டிருந்தேன்.

முடிகள் நன்றாக இருக்கின்றனவா என்று கடைசியாக நுண்ணோக்கியில் வைத்தேன். வரிசை வரிசையாக நின்றன. நடுவில் பழுதில்லை. ஓரத்துக்கு நகர்த்தினேன். அங்கே ஒரு இடத்தில் முடிகள் படுத்திருந்தன. ஒரேயடியாக அல்ல, ஒரு வரிசை படுத்து, அடுத்தது நின்று, அதற்கடுத்தது படுத்து, வளைந்து வளைந்து கோடுகளாக. என்ன என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கட்டைவிரல் ரேகை. அன்றைக்கு அவன் அமுக்கிய இடம். மடங்கிய முடி நிமிராது. ரேகைகளுக்குக் குறுக்கே கோணலாக ஒரு கோடு வேறு போயிற்று. ஒன்பது வயதில், முத்து இருக்கும் என்று நம்பி, கரையில் பொறுக்கிய சிப்பியைக் கத்தியால் நெம்பி அந்தக் கட்டைவிரலை வெட்டிக்கொண்டான். உள்ளே சேறுதான் இருந்தது. மூன்று தையல். நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

தழும்பு அப்படியே இருந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. இரத்தத்தைக் கழுவிவிட்ட பிறகும் இவன் இங்கே ஒளிந்துகொண்டிருக்கிறான், திருட்டுப்பயல். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது வாய்க்காலைத் தொடாத ஓரம், மூடி ஒழுகாது. நாளைக்கு இதை வைத்து ஒப்பேற்றிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். யாரும் கேட்கப்போவதில்லை. வடிவக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். என் தோளை அழுத்தினாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். நல்ல மனிதர். சிரித்த முகம், வந்ததும் உப்பளங்களைப் பற்றிக் கேட்டார், வடிவக்காவுக்கும் வணக்கம் சொன்னார். நான் மூடியை வைத்துத் தடவினேன். சிவப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. அடியில் விரித்திருந்த வெள்ளைக் காகிதத்தில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. உரித்தேன், துடைத்தேன், ஒட்டினேன். இருபது தடவை. இருபது தடவையும் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. தங்கதுரை சார் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னார்.

"பிரமாதம்" என்றார் அதிகாரி. "உரிச்ச இடம் தெரியவே இல்லையே! இதுல ஒண்ணு நான் எடுத்துட்டுப் போகலாமா? டெல்லியில பெரிய கமிட்டி இருக்கு. கையில காட்டினா உடனே புரியும்."

"தாராளமா சார்" என்றார் எங்கள் சார். "விஜிலா, அதையே குடுத்துரும்மா. நம்மகிட்டதான் பத்து இருக்கே, வேணும்னா வேற வாத்துக்கிடலாம். அச்சுதான் இருக்கே."

என் கை மூடியின் மேல் இருந்தது. எடுக்கவில்லை. சார் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா? அச்சு நல்லாத்தான இருக்கு?"

வாசலில் வடிவக்கா டீத் தட்டோடு நின்றாள். அவள் வாயைத் திறந்தாள். "சார், அச்சு வந்து..."

"அச்சு நல்லா இருக்கு சார்" என்று நான் முந்திக்கொண்டேன். மூடியை உரித்து, சாமணத்தோடு அதிகாரியிடம் நீட்டினேன். வடிவக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் அதை விரல்களில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த ஓரம் லேசாக மங்கியிருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு, புதிதாக ஒரு பொருளைப் பார்க்கிற யாரும் செய்வதைச் செய்தார். அதை மேசைக் கண்ணாடியின் மேல் வைத்து, அந்த ஓரத்திலேயே, கட்டைவிரலால் ஓங்கி அமுக்கினார். எடுத்தார். மறுபடி வைத்து இன்னும் பலமாக அமுக்கித் தேய்த்தார்.

"அட, ஒட்டுது பாருங்க!"

"லேசாத் தொடணும்லே!" என்று கத்தினேன்.

அதிகாரி கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அவரைப் போய் 'லே' என்றதைக் கேட்டு சாரின் முகம் வெளிறியது. எனக்கு அது எதுவும் முக்கியமாகப் படவில்லை. அந்த முடிகள் இனி நிமிராது. அவன் விரலின்மேல் வேறு விரல் விழுந்துவிட்டது. என் தம்பி போய்விட்டான். லாரி ஏறியபோது எனக்குத் தெரியவில்லை, மண் போட்டபோது தெரியவில்லை, இரத்தத்தைக் கழுவியபோதும் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. மேசையில் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க சார்" என்று சார் தடுமாறினார். "ரெண்டு மாசம் முன்ன தம்பி தவறிட்டான். அதுலயும் விடாம ராப்பகலா ஒழச்சிருக்கா. வேலை முடிஞ்ச சந்தோஷத்துல..."

வடிவக்கா டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் சேலையில் பாத்திரப் புளி வாசம் அடித்தது. அதிகாரி பாவம், மூடியை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஓரத்தை மட்டும் இரண்டு நகத்தால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தலையைத் தூக்கும்வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டார்.

"இப்படிப் பிடிச்சாப் போதுமாம்மா?"

"போதும் சார்" என்றேன்.